ரெடிமேட் கேமிங் பிசியா, நாமே பாகம் வாங்கி மாட்டுவதா? 60,000 ரூபாய்க்கு ஒரு பதில்

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது, மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஆன்லைனில் "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், 1 டிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று 32,000 ரூபாய்க்கு ஒன்றைப் பார்த்திருக்கிறார். ஊரில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் 55,000-க்கு அசெம்பிள் செய்து தருவதாகச் சொல்கிறார். பாகங்களைத் தானே வாங்கி மாட்டிப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது. வாலரன்ட், ஜிடிஏ 5 விளையாட்டுகள் ஓட வேண்டும். முடிந்தால் சைபர்பங்க் மாதிரி கனமானவையும் ஓட வேண்டும். இந்த மூன்றில் எது என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள். மாட்டுகிற வேலையை நீங்கள் செய்தாலும் சரி, கடைக்காரர் செய்தாலும் சரி. ஸ்க்ரூடிரைவர் யார் கையில் இருந்தது என்பதால் ஒரு மெஷின் நன்றாகவோ மோசமாகவோ ஓடாது. எந்த எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), எந்த மதர்போர்டு, எந்த கிராபிக்ஸ் கார்டு என்று முடிவு செய்தது யார் என்பதில்தான் உங்கள் 60,000 ரூபாயின் தலையெழுத்து இருக்கிறது.

முதலில் அந்த 32,000 ரூபாய் பெட்டியை ஒதுக்கிவிடலாம். ஐ7 என்பது இன்டெல் ப்ராசசர்களில் ஒரு வரிசையின் பெயர், ஒரு குறிப்பிட்ட சிப்பின் பெயர் அல்ல. 2011-ல் வந்த ஐ7-2600-ம் ஐ7தான். இந்த மாதிரி விளம்பரங்களில் "ஐ7" பெரிய எழுத்தில் இருக்கும், எத்தனையாவது தலைமுறை என்பது இருக்காது. அல்லது படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் பழைய அலுவலக மெஷின்களிலிருந்து கழற்றிய இரண்டாவது, மூன்றாவது தலைமுறை சிப்புகளைப் புது எச்61 போர்டில் உட்கார வைத்து, கலர் விளக்கு எரியும் கேபினட்டில் போட்டு விற்கிறார்கள். 2022-ல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் அதே நான்கு கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஆனால் அந்தப் பழைய ஐ7-ஐ எந்த விளையாட்டிலும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் கேட்பது இன்டெலில் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் மெஷினில் இருந்தாக வேண்டும். ஆக, நீங்கள் முதலில் விளையாட நினைக்கும் விளையாட்டிலேயே அந்த மெஷின் தகராறு செய்யும்.

"4 ஜிபி கிராபிக்ஸ்" என்பதும் அதே கதை. அந்த விலையில் உள்ளே இருப்பது அநேகமாக 2014-ல் வந்த ஜிடி 730. மொட்டை மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கீழே வருவது அரை இஞ்ச் பைப் என்றால் குழாயில் என்ன வேகம் வரும்? மெமரி எத்தனை ஜிபி என்பது தொட்டியின் அளவு மட்டும். கார்டின் முழுப் பெயரைக் கேட்டு வாங்காமல் ஜிபியை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக்கூடாது.

முழுப் பெயர் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயர் ஒன்றாக இருந்தும் சரக்கு வேறாக இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022-ல் 8 ஜிபி கார்டு வந்தது: 2560 கோர், 128 பிட் மெமரி பாதை. 2024-ல் அதே பெயரில் 6 ஜிபி கார்டு வந்தது: 2304 கோர், 96 பிட் பாதை. இரண்டாவது கார்டு குறைந்த கரண்டில் ஓடும், தனி பவர் கேபிள் பெரும்பாலும் தேவைப்படாது. அந்த வகையில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் போட அது நல்ல கார்டு. ஆனால் 8 ஜிபி கார்டின் ஸ்கோரை ரிவியூவில் பார்த்துவிட்டு 6 ஜிபி கார்டை வாங்கினால் ஏமாற்றம்தான். ரெடிமேட் பெட்டிகளில் "ஆர்டிஎக்ஸ் 3050" என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேளுங்கள்.

எச்பி, லெனோவோ, டெல் போன்ற பெரிய கம்பெனிகளின் டவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. அவற்றில் ஒரிஜினல் விண்டோஸ் இருக்கும். கோளாறு என்றால் ஒரே நம்பருக்குப் போன் செய்தால் போதும், பல ஊர்களில் வீட்டுக்கே ஆள் வருவார்கள். கம்ப்யூட்டரைத் திறந்தே பார்க்க விரும்பாதவருக்கு அது நியாயமான வழி. ஆனால் 60,000-க்குள் உருப்படியான கார்டோடு அந்தக் கம்பெனி டவர் கிடைப்பது அரிது. பல மாடல்களில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுடைய சொந்த அளவில் இருக்கும். மூன்று வருடம் கழித்துப் பெரிய கார்டு போடலாம் என்றால் எஸ்எம்பிஎஸ் தாங்காது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்றால் வெளியில் வாங்கியது பொருந்தாது. கடைசியில் மொத்தமாக மாற்ற வேண்டிவரும்.

இனி உங்கள் ஊர்க் கடைக்காரர். அவரை நான் லேசில் ஒதுக்க மாட்டேன். அவர் எழுதிக் கொடுத்திருக்கும் சீட்டில் "ரைசன் 5, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 8 ஜிபி கார்டு, கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்" என்று இருக்கிறது. இதில் ஒரு வரிகூட ஒரு பொருளைக் குறிப்பிடவில்லை. ரைசன் 5 என்பதும் ஏஎம்டி ப்ராசசர்களில் ஒரு வரிசைதான்; அதில் 5500-ஆ, 5600-ஆ, 5600ஜி-யா? மூன்றுக்கும் ஆறு கோர்தான். ஆனால் 5600-ல் 32 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி), மற்ற இரண்டிலும் 16 எம்பி. விளையாட்டில் அந்த வித்தியாசம் தெரியும். 16 ஜிபி என்பது ஒரே குச்சியா, எட்டு எட்டாக இரண்டா? இரண்டு குச்சி போட்டால் மெமரி பாதை இரட்டிப்பாகும், ஒரே குச்சி போட்டால் பாதி பாதை சும்மா கிடக்கும். எஸ்எஸ்டி என்றால் வேகம் குறைந்த சாட்டா வகையா, வேகமான என்விஎம்இ வகையா?

எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது கடைசி வரி: "கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்".

2019-ல் என் அத்தை மகனுக்கு ஒரு மெஷின் வாங்கினோம். கடை எது என்பது வேண்டாம். நல்ல ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நான் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப்போய் வந்த ஒரு சாயங்காலம், டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் தான் போனதோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிறகு அதை வெளியே எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் அளவுகூட கனம் இல்லை. மூடியைக் கழற்றினால், உள்ளே வரும் கரண்டை வடிகட்டும் காயில் இருக்க வேண்டிய இடத்தில், போர்டில் அதற்கான படம் அச்சாகியிருக்கிறது, ஆனால் காயில் இல்லை. அங்கே ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்ற வைத்திருந்தார்கள். வெளியே ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே 12 வோல்ட் வரியைப் பார்த்தால் 14 ஆம்பியர். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட்ஸ். ப்ராசசரும் கார்டும் கரண்ட் எடுப்பது அந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான்.

அதைவிட வலித்தது பில். போர்டுக்கு வாரண்டி இருக்கிறதே என்று போனால், பில்லில் "அசெம்பிள்டு பிசி – 1" என்று ஒரே வரி. எந்த போர்டு, என்ன சீரியல் நம்பர், ஒன்றும் இல்லை. அந்த போர்டு அங்கேதான் வாங்கினோம் என்பதற்கே ஆதாரம் இல்லை. போர்டுக்குக் கைக்காசு போட்டோம்.

அதனால் நீங்கள் எங்கே வாங்கினாலும் இந்த இரண்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் தனியாக, பெயர் சொல்லி, 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) தரத்தில்; கரண்டை வீணாக்காமல் தருவதற்கான தரச் சான்று அது. பில் ஜிஎஸ்டியோடு, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி, பக்கத்தில் சீரியல் நம்பர். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படி மிச்சம் பிடிக்கும் பணம், பில் காட்டிக் கேட்க வேண்டிய வாரண்டி தேவைப்படும் அன்றைக்கே போய்விடும். ஒரு நல்ல 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் 36 ஆம்பியரை ஒட்டி இருக்கும், அதாவது 430 வாட்ஸ் சொச்சம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் கொடுத்தாலும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

சரி, 60,000-க்கு என்ன வாங்குவது? உங்கள் தேவைக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், இரண்டில் அன்றைக்கு எது மலிவோ அது. பட்ஜெட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். 8 ஜிபிக்குக் குறைந்த கார்டை இன்று புதிதாக வாங்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் 1080பி (ஃபுல் எச்டி) திரைக்கு அது இன்னும் நல்ல கார்டு. புதுத் தலைமுறைக் கார்டு வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 5050-ன் விலையைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட்ஸ், ப்ராசசரின் ரேட்டிங் 65 வாட்ஸ். மற்றதெல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 250-ஐ ஒட்டித்தான் வரும். ஆகவே 450, 550 வாட்ஸில் நல்ல எஸ்எம்பிஎஸ் போதும், 750 வாங்கி வைக்கத் தேவையில்லை. கேபினட் முன்பக்கம் வலை போட்டதாக இருக்கட்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்தவை பார்க்க அழகுதான், ஆனால் நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் அவற்றுக்குள் காற்று போக வழியில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறி இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது, எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி தன் க்ரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் 2025 தொடக்கத்தில் ஒருவர் போட்ட "50,000 ரூபாய் பில்ட்" பட்டியல் இன்று அந்த விலைக்கு வராது. இப்படி ஒரு பாகத்தின் விலை தறிகெட்டு ஏறும் காலங்களில் ரெடிமேட் மெஷின் ஜெயிப்பதும் உண்டு. 2021-ல் கிரிப்டோ மைனிங்காலும் (கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் நாணயம் ஈட்டுவது) சிப் தட்டுப்பாட்டாலும் கார்டுகள் யானை விலை குதிரை விலை விற்றபோது, தனியாகக் கார்டு வாங்குவதைவிட அந்தக் கார்டு இருக்கும் முழு மெஷினை வாங்குவது பல நேரம் லாபமாக இருந்தது. பழைய விலையில் ராம் வாங்கி வைத்திருக்கும் கம்பெனிகளின் பெட்டிகள் இப்போதும் அப்படி அமையலாம். கண்டுபிடிக்க ஒரே வழி: ரெடிமேட் பெட்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் முழுப் பெயரை வாங்கி, தனித்தனி விலை போட்டுக் கூட்டிப் பாருங்கள். பெயர் சொல்ல மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ராம் விலை கையைக் கடித்தால் இன்னொரு வழி இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் பயமில்லாமல் வாங்கக்கூடிய பாகம் ராம்தான். அது தேயும் பொருள் இல்லை. போட்டுப் பார்த்தால் ஓடும் அல்லது ஓடாது, மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை மென்பொருளை ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டிடிஆர்4 (முந்தைய தலைமுறை ராம்) எடுக்கும் போர்டாக வாங்கினால் செகண்ட் ஹேண்ட் குச்சி நிறையக் கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டில் அந்தத் தைரியம் வேண்டாம். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. பில்லும் பாக்கி வாரண்டியும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைச் செகண்ட் ஹேண்டில் வாங்கவே வாங்காதீர்கள்.

இனி நீங்கள் ஆசைப்படும் வேலைக்கு வருவோம். முதல் தடவை என்றால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பாட்டு மேஜை போதும், ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஸ்க்ரூ உருண்டு ஓடும். ரைசன் 5600-ஐக் கையில் எடுத்தால் அடியில் ஆயிரத்துச் சொச்சம் தங்க ஊசிகள். ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் ஒரே மூலையில் வைத்து விட்டால் தன் கனத்திலேயே உள்ளே இறங்கும். அழுத்தவே கூடாது, இறங்கவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்டெலில் நேர்மாறு: ஊசிகள் போர்டில் இருக்கும், மேல் தகட்டைப் பூட்டும் கம்பியை இறக்கும்போது கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும், கரகரவென்று ஒரு சத்தம் வரும். உடைத்துவிட்டோம் என்று பயப்படாதீர்கள், அது அப்படித்தான். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ராமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு, டக்கென்று பூட்டும் வரை அழுத்துங்கள். போர்டின் பின்பக்கத் தகட்டைக் கேபினட்டில் முதலில் பொருத்திவிட்டுத்தான் போர்டை வைக்க வேண்டும். பலர் எல்லாம் முடிந்தபிறகு அந்தத் தகடு மேஜையில் கிடப்பதைப் பார்த்து மொத்தத்தையும் கழற்றுவார்கள். ப்ராசசரோடு வரும் ஃபேனில் பேஸ்ட் தடவியே இருக்கும், அதைத் துடைத்துவிடாதீர்கள். பவர் பட்டனின் பொடி ஒயர்களுக்குப் போர்டின் மேனுவலைப் பாருங்கள், ஊகம் வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் சொருகுங்கள், போர்டில் இல்லை. 5600-லும் எஃப் என்று முடியும் இன்டெல் சிப்பிலும் சொந்த கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் சொருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 வேக ராம் பெரும்பாலும் 2133, 2400, 2666 என்று ஏதோ ஒன்றில்தான் ஓடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் செட்டிங்கில் போய் 144-ஐத் தேர்ந்தெடுங்கள். வருடக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் யாராலும் முடியும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாம் மாட்டி பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் வரவில்லை. ராமா, போர்டா, ப்ராசசரா, எஸ்எம்பிஎஸ்ஸா? கடையில் மாற்றிப் போட்டுப் பார்க்க உபரிப் பாகம் இருக்கும், உங்கள் வீட்டில் இருக்காது. நாலு இணையக் கடைகளில் நாலு பாகம் வாங்கியிருந்தால், ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடித்தாக வேண்டும். மாட்டுகிற கூலி 500 முதல் 1,500 ரூபாய்க்குள்தான், எல்லாப் பாகமும் ஒரே கடையில் வாங்கினால் பல இடங்களில் அதுவும் இல்லை. அந்த 1,000 ரூபாயை மிச்சம் பிடிக்க இந்தத் தலைவலியை ஏற்க வேண்டாம். கற்றுக்கொள்ளும் ஆசைக்காக மாட்டுங்கள், அது நல்ல ஆசை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஊர்க் கடைக்காரரிடமே முதலில் போங்கள். மாடல் பெயரோடு நீங்கள் எழுதிய பட்டியலைக் கொடுத்து, இதே பொருளை எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் சென்னையிலோ திருச்சியிலோ இருந்து வரவழைத்துத் தருவார்கள். சென்னை விலையைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கூட என்றாலும் கொடுக்கலாம். நாளைக்குக் கார்டு கெட்டால் பார்சல் கட்டி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வாங்கித் தருவது அவர்தான். உட்கார்ந்து பார்க்கிறேன், பாதி நான் மாட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நிறையப் பேர் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

அவர் மறுத்தால், அல்லது ஐயாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலை சென்னை, எழும்பூரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். கடைகள் திறக்கப் பத்து, பத்தரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் பூட்டியிருக்கும். முதல் கடையில் வாங்கிவிடாமல் ஒரே பட்டியலை மூன்று நான்கு கடைகளில் கொடுத்து விலை எழுதி வாங்குங்கள். ஏதாவது ஒரு கடையில் "அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டாக் இல்லை, அதைவிட நல்லது ஒன்று இருக்கு" என்பார்கள். ஸ்டிக்கரைப் பாருங்கள், 12-ஆல் பெருக்குங்கள். உங்கள் கண் முன்னால் மாட்டி, ஆன் செய்து, பயாஸில் ப்ராசசர் பெயரும் ராம் அளவும் தெரிவதைக் காட்டச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பும்போது கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். பஸ், ரயில் குலுங்கலில் கார்டின் கனம் போர்டின் ஸ்லாட்டை உடைக்கும்.

கரண்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று லேசாக இழுக்கிறதா? வீட்டு எர்த் சரியில்லை என்று அர்த்தம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யாமல் மெஷினை ஓட்டாதீர்கள். யூபிஎஸ் 1,000 விஏ, 600 வாட்ஸ் அளவில் ஒன்று வாங்குங்கள். சின்ன 600 விஏ பெட்டி 360 வாட்ஸ்தான் தாங்கும். விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மானிட்டரும் சேர்ந்து அது திணறும். யூபிஎஸ்ஸுக்கு 60,000-க்குள் இடம் இல்லை என்றால் 1 டிபி எஸ்எஸ்டி நினைத்திருந்தால் அதை 512 ஜிபி ஆக்கிக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்.

கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் பெட்டிகளைப் பரணில் போட்டு வையுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கர்களை அன்றைக்கே போட்டோ எடுத்து, பில்லோடு உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்; பில் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும். கடைக்காரர் மாடல் பெயரோடு கொட்டேஷன் கொடுத்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.